நன்றியுரை மட்டும் பாக்கி

உமர் பாருக் எம்.பி. ஆனதற்கு அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. மனிதர் பாலம் கேட்கத்தான் போனார்.

அதுவும் என்ன பாலம்! ஆற்றுக்குக் குறுக்கே தூண் நிறுத்தி, விளக்கு வைத்து, பெயர் சூட்டுகிற பாலமா? ராவுத்தர்மடைப் பேரூராட்சி பதினோராவது வார்டு வாய்க்கால்கரைத் தெருவுக்கு ஒரு சிமெண்டு சிலாப். அவ்வளவுதான். உத்தமபாளையத்திலிருந்து கோம்பைக்குப் போகிற ரோடு இந்தப் பக்கம், தெரு அந்தப் பக்கம், நடுவில் வாய்க்கால். வாய்க்கால் மேல் இரண்டு தென்னந்தடி. விடிகிற நேரத்தில், மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி ஆள் ஏற்றுகிற ஜீப் ரோட்டில் வந்து ஹாரன் அடித்தால், தெருப் பெண்கள் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தடிமேல் சர்க்கஸ் காட்டிக்கொண்டு வருவார்கள். ஜீப் டிரைவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டான். காத்திருந்தால் மலைமேல் இருக்கிற கங்காணி அவனை உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவார்.

ஒரு மழைநாளில் இருளம்மாள் தடி வழுக்கி வாய்க்காலில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். வார்டு கவுன்சிலர் உமர் பாருக்தான் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவருக்குத் தொழில், பட்டறை வைத்து எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது. "நாளைக்குத் தாரேன்" என்று சொன்னால் நாளைக்கே தந்துவிடுகிற அபூர்வமான தொழில்காரர். கட்டுப்போட்ட காலோடு கிடந்தவளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"அக்கா, இந்தக் காலு கூடி நீக எந்திரிச்சு நடக்கயில அங்கன பாலம் இருக்கும். இது என் வாக்கு."

"இந்தக் காலா தம்பி, அடுத்தாப்ல ஒடியப்போற காலா?" என்றாள் இருளம்மாள். எலும்பு முறிந்தாலும் அவள் வாய்க்கு ஒன்றும் ஆகாது.

வாக்குக் கொடுத்தாயிற்று. பேரூராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்டார். தலைவர் செல்லப்பாண்டி, "வாய்க்கால் நம்மளது இல்லையேப்பா, பாசனத்துக்காரகளது" என்றார். பாசன அலுவலகத்தில் போய் நின்றால், "தண்ணி மட்டுந்தான் எங்களது. தண்ணிக்கு மேல இருக்க காத்து பேரூராட்சிது" என்றார்கள். இப்படிக் காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அலைந்து செருப்புத் தேய்ந்தவரைக் கட்சியின் மாவட்டச் செயலாளர் முத்துராமலிங்கம் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"ஏலே பாருக்கு, இங்கன கிடந்து எதுக்குலே லோல்படுற? நாளைக்கு நான் மெட்ராஸ் போறேன். மனுவ எடுத்துக்கிட்டு கூட வா. கட்சித் தலைவரு கையிலயே குடுத்துருவோம்."

அன்றைக்குப் பார்த்துக் கட்சி அலுவலகத்தில் ஒரே களேபரம். மாநிலங்களவையில் ஓர் இடம் காலி. அதற்கு ஒரே மாவட்டத்திலிருந்து இரண்டு பெரும்புள்ளிகள் மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலேஜ் வைத்திருந்தார். இன்னொருவர் எஸ்டேட் வைத்திருந்தார். காலேஜுக்குக் கொடுத்தால் எஸ்டேட் கட்சி மாறும். எஸ்டேட்டுக்குக் கொடுத்தால் காலேஜ் கோர்ட்டுக்குப் போகும். தலைவர் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, வராந்தாவில் சலவைச் சட்டையோடு மனுவை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றார்.

"இது யாரு?" என்றார் தலைவர்.

"ராவுத்தர்மடை கவுன்சிலருங்க தலைவரே," என்றார் முத்துராமலிங்கம்.

"எதிரிங்க யாராச்சும் உண்டா?"

"எதிரி வேணும்னா ஆளு யாருன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும்ல தலைவரே."

"சொந்தமா கருத்து, கிருத்து?"

"ஒரு சிலாப்பு வேணும்ங்கிறாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப இவரே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் தலைவர் சாப்பிடப் போய்விட்டார்.

என்னவாக இருக்கட்டும் என்று உமர் பாருக்குக்கு விளங்கவில்லை. சிலாப்பைத்தான் சொல்கிறார் என்று எண்ணி ஆனந்தத்தில் கண் கலங்கினார். பிறகு பஸ் ஸ்டாண்டு டீக்கடை டிவியில் தன் முகத்தைப் பார்த்தார். கீழே, 'எளிய தொண்டருக்கு எட்டாத உயரம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த டீ ஆறிப்போனது. பக்கத்தில் நின்ற முத்துராமலிங்கம் அதற்குள் 'ஏலே'யை விழுங்கிவிட்டார்.

"அண்ணே, ஒரு கையெழுத்து. கவுன்சிலர் பதவிய ராஜினாமா பண்றதாப் போடுங்க. டெல்லிக்குப் போறவுகளுக்கு வார்டு எதுக்கு?"

"பாலம்?"

"எம்.பி.யாகிட்டீக! இன்னமேப்பட்டு பாலமெல்லாம் ஒரு விஷயமாண்ணே?"

ஊர் திரும்பியவரை ரோட்டிலேயே மறித்து ஏலக்காய் மாலை போட்டார்கள். வெடி போட்டார்கள். நாய்க்குப் பேர்போன கோம்பையிலிருந்து ஒருவர் தன் நாயோடு வந்து, நாய்க்கும் ஒரு துண்டு போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஆனால் உமர் பாருக் வாயைப் பிளந்து பார்த்தது வேறொன்றை. வாய்க்கால் மேல் பாலம் இருந்தது! இரும்புக் குழாயில் சாரம் கட்டி, கனத்த பலகை அடித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, மேலே சிவப்புக் கம்பளம்.

"எம்.பி. தடிமேல நடந்து வழுக்கி விழுந்தா பேரூராட்சிக்குத்தானே அவமானம்?" என்று பல்லைக் காட்டினார் செல்லப்பாண்டி. கவுன்சிலராக இருந்தபோது இதே உமர் பாருக் அந்தத் தடியில் இரண்டு முறை வழுக்கியிருக்கிறார். அப்போது அவமானம் அவருடையதாக மட்டும் இருந்தது.

உமர் பாருக் டெல்லிக்குக் கிளம்பினார். அவர் கார் சின்னமனூரைத் தாண்டுவதற்குள் பந்தல்காரர் ஏசுதாசன் பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்.

டெல்லியில் அவருக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். அதன் வாசலில் மூன்று பாலம் இருந்தது. மழைத்தண்ணீர் ஓடுகிற சின்ன ஓடைக்கு, கார் போக ஒன்று, ஆள் போக ஒன்று, எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒன்று. அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவருக்கு வயிற்றெரிச்சலாக வரும்.

அவரைத் துறைமுகங்களுக்கான குழுவில் போட்டார்கள். "ஐயா, எங்க ஊர்ல கடலே கிடையாது" என்று சொல்லிப் பார்த்தார். "அதனால்தான். கடலோர உறுப்பினர்களுக்கு அதில் சொந்த ஆர்வம் இருந்துவிடும்" என்று விளக்கினார்கள். குழு ஒவ்வொரு கலங்கரை விளக்கமாக ஏறிப் பார்த்து, அது உயரமாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. அதில் உமர் பாருக்கும் கையெழுத்துப் போட்டார். பொய் இல்லையே, உயரமாகத்தான் இருந்தது.

ஒருநாள் அவையில் பேசுவதற்கு அவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. வாய்க்கால்கரைத் தெருவைப் பற்றி உருகி உருகி எழுதிக்கொண்டு போனார். கட்சியின் அவைக்குழுத் தலைவர் அதை வாங்கிப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா, நாம ஒரே ஒரு பாலத்தைப் பத்திப் பேசினா சின்னக் கட்சின்னு நினைச்சுடுவாங்க. நாட்டிலுள்ள எல்லாப் பாலங்களைப் பத்தியும் பேசுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

அப்படியே பேசினார். மேஜையைத் தட்டினார்கள். தெருச் சிலாப்புக்கு அமைச்சரிடம் தனியே ஒரு மனுவும் கொடுத்தார். மாதங்கள் கழித்து அமைச்சகத்திலிருந்து பதில் வந்தது. நாட்டிலுள்ள பாலங்கள் யாவும் நலம் என்றும், உறுப்பினர் தம் தெருவைப் பற்றித் தனியே கேட்டிருந்தது உள்ளாட்சி சார்ந்தது என்பதால், அதற்குத் தம் வார்டு கவுன்சிலரை அணுகுமாறும் அதில் இருந்தது.

உமர் பாருக் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் பேரூராட்சிச் செயல் அலுவலர் விஜய்ராஜுக்குப் போன் போட்டார். "நான் என் நிதியிலருந்தே தாரேன் சார். சிலாப்பப் போட்டு விடுங்க."

"தாராளமா சார்!" என்றார் விஜய்ராஜ். மரியாதையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "ஒரே ஒரு தீர்மானம் வேணும். அதை வார்டு கவுன்சிலர்தான் முன்மொழியணும்."

"வார்டு கவுன்சிலரா நான்தானே இருந்தேன்?"

"ஆமா சார். நீங்க இருந்திருந்தா உடனே முடிஞ்சிருக்கும். நல்ல மனுஷர், ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டார்."

"இடைத்தேர்தல்?"

"அது எப்ப வரும்னு யாரு கண்டா சார்? ஆனா இருளம்மாளுக்கு உங்க நிதியில ஒரு ஊன்றுகோல் குடுக்கலாம். கால் ஒடிஞ்சவங்களுக்குத் திட்டம் இருக்கு. ஒடியாம இருக்கிறதுக்குத்தான் திட்டம் இல்லை."

ஊன்றுகோல் கொடுத்தார்கள். அலுமினியத்தில், அடியில் ரப்பர் வைத்து, கைப்பிடியில் எம்.பி. படம் ஒட்டி. இருளம்மாள் இப்போது அதை ஊன்றிக்கொண்டு தென்னந்தடியில் நடந்தாள். முன்பு இரண்டு காலும் வழுக்கும். இப்போது மூன்றும் வழுக்கியது.

அதற்குள் தெருப் பெண்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். எம்.பி. ஊருக்கு வந்தால் பலகைப் பாலம் வரும், போனால் போகும். தினமும் யாராவது ஒருத்தி எம்.பி. மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸிடம், "எப்ப வாராக?" என்று கேட்பாள். ஜன்னத்துக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. விஷயம் தெரிந்ததும் புருஷனுக்குப் போன் போட்டுச் சிரித்தாள்.

"என்னங்க, ஊரே உங்கள எதிர்பாத்துக் கிடக்குதுன்னு நெனச்சேன். உங்கள இல்லையாம், பலகையத்தானாம்."

"நீயுமா ஜன்னத்து?"

"நானுந்தேன். உங்கள அனுப்பி வச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள கழட்டிர்றாக. போன தடவ சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வாய்க்காலுக்குள்ள இறங்கித்தான் வீட்டுக்கு வந்தேன். எம்.பி. பொண்டாட்டி!"

அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. டெல்லியில் மேஜை தட்டுகிறார்கள், மாலை போடுகிறார்கள். சொந்தத் தெருவுக்குள் நுழைந்தால் இருளம்மாளைப் பார்க்காமல் போக வேண்டியிருக்கிறது. அவளோ கூப்பிட்டு வேறு விசாரிப்பாள்.

இந்த நேரத்தில்தான் கட்சி, எம்.பி.யின் ஓராண்டுச் சாதனை விளக்க விழாவை அவர் தெருவிலேயே வைத்தது. மேடை, பந்தல், பலகைப் பாலம், கம்பளம், எல்லாம் ஏசுதாசனுக்கு மொத்தமாக ஒப்பந்தம்: விழா தொடங்கியதிலிருந்து முடிகிறவரை. அழைப்பிதழ் தலைமையில் ஒப்புதல் வாங்கி, தலைவர் படத்தோடு அச்சாகி வந்தது. வரவேற்புரை யார், பொன்னாடை யார், சிறப்புரை யார் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் நன்றியுரை: பயனாளி இருளம்மாள். அதற்குப் பிறகு நாட்டுப்பண்.

அந்த வரிசையில் ஒரு பெயரை மாற்றினாலும் தொலைந்தது. போன வருஷம் கூடலூர்ப் பக்கம் ஒருவர் தன் பெயரை இரண்டு இடம் மேலே தள்ளிக்கொண்டதற்காகக் கட்சியை விட்டே நீக்கப்பட்டிருந்தார். கட்சியில் கொள்கையை மாற்றினால் மன்னிப்பு உண்டு. அழைப்பிதழை மாற்றினால் கிடையாது.

விழா ஜாம் ஜாமென்று நடந்தது. முதலில் செயல் அலுவலர் விஜய்ராஜ் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பாலத்தை அமைப்பதில் பேரூராட்சி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். எம்.பி. அவர்கள் வருகிறார் என்று தெரிந்த அன்றே அமைத்தோம். பொதுமக்களுக்காக அமைப்பது என்றால்தான் நடைமுறைகள் உண்டு!"

கைதட்டினார்கள். அடுத்துத் தலைவர் செல்லப்பாண்டி எழுந்தார்.

"பதினோராவது வார்டுக்கு கவுன்சிலர் இல்லையேன்னு யாராச்சும் கவலைப்பட்டீகளா? பட மாட்டீக. ஏன்னா, அண்ணன் விட்டுட்டுப் போனப்ப வார்டு எப்படி இருந்துச்சோ, அப்படியே பொத்திப் பாதுகாத்து வச்சிருக்கோம். ஒரு செங்கல்லக்கூடத் தொடலை!"

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். முத்துராமலிங்கம், "ராவுத்தர்மடையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த இவரை, ராவுத்தர்மடையை அடியோடு மறக்கிற உயரத்துக்குக் கொண்டுபோனது நம் இயக்கம்!" என்று முழங்கினார்.

உமர் பாருக் தன் முறை வந்தபோது கட்சி எழுதிக் கொடுத்ததைப் படித்தார். கலங்கரை விளக்கங்களின் உயரம் வரும்போது தலையைத் தூக்கினார். முன்வரிசையில் தன் படம் ஒட்டிய ஊன்றுகோலோடு இருளம்மாள் உட்கார்ந்திருந்தாள். மீதியை அவரால் படிக்க முடியவில்லை. "வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக இருளம்மாளைக் கைத்தாங்கலாக மேடையேற்றினார்கள். மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். ஏசுதாசன் ஆட்கள் ஏற்கனவே ஸ்பேனரோடு பாலத்தடியில் போய் நின்றுவிட்டார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். என்னைய நன்றி சொல்லச் சொல்லிருக்காக. நான் நன்றி சொன்னா விழா முடிஞ்சு போகும். விழா முடிஞ்சா அந்தா நிக்கிறாகள்ல, அவுக பலகையக் கழட்டிருவாக. கழட்டிட்டா நாளைக்கு ஜீப்புக்கு நாங்க பறந்தா போறது? அதனால எனக்கு இன்னைக்குச் சொல்லத் தோதுப்படல. பெறகு சொல்றேன்."

மைக்கை முத்துராமலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி, சோறு வடிக்க வீட்டுக்குப் போய்விட்டாள்.

மைக்செட்காரர் நாட்டுப்பண்ணில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே காத்திருந்தார்.

"நீங்களே நன்றி சொல்லி முடிச்சிருங்க சார்," என்று விஜய்ராஜ் முத்துராமலிங்கத்தின் காதைக் கடித்தார்.

"என்னையக் கட்சிய விட்டுத் தூக்கவா? அழைப்பிதழ்ல அவ பேரு இருக்குய்யா!"

"எங்க கோப்பிலயும் அந்த நிகழ்ச்சி நிரல்தான் சார் இருக்கு."

ஆக, விழா முடியவில்லை. முடியாததால் ஏசுதாசனால் பலகையைக் கழற்ற முடியவில்லை. கழற்றினால் ஒப்பந்த மீறல். மைக்செட்காரராலும் போக முடியவில்லை. சிறப்பு விருந்தினர் விழா நடுவில் எழுந்து போவது கட்சி மரபில் கிடையாது என்பதால் எம்.பி.யாலும் டெல்லிக்குப் போக முடியவில்லை. மறுநாள் விடியலில் ஜீப் ஹாரன் அடித்ததும், தெருப் பெண்கள் கம்பளத்தின் மேல் கல்யாணப் பெண்ணைப்போல நிதானமாக நடந்து போனார்கள். ஒருத்தி வேண்டுமென்றே திரும்பி வந்து இன்னொரு தடவை நடந்தாள்.

விஜய்ராஜ் தினமும் மேலிடத்துக்கு, 'விழா சீரும் சிறப்புமாக நடைபெற்று வருகிறது' என்று அறிக்கை அனுப்பினார். மேடையில் ஆடு ஏறிப் படுத்தது. சாயங்காலம் மைக்செட்காரர் பாட்டுப் போட்டார். பொழுதுபோகாத பெரியவர்கள் முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். சிறப்பு விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன உமர் பாருக், பட்டறையிலிருந்து ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையிலேயே காயில் கட்ட ஆரம்பித்தார். எம்.பி. ஆன பிறகு அவர் உருப்படியாக ஒரு வேலை செய்து மக்கள் பார்த்தது அப்போதுதான்.

டெல்லியிலிருந்து அவைக்குழுத் தலைவர் போனில் கத்தினார். "நாளை மறுநாள் வாக்கெடுப்பு! கட்சிக் கொறடா உத்தரவு வந்திருக்கில்ல? எங்கே இருக்கீங்க?"

"விழாவில இருக்கேன்யா."

"போன வாரமும் அதைத்தானே சொன்னீங்க! எப்ப முடியும்?"

"அது இருளம்மா கையில இருக்கு."

"இருளம்மாவா? எந்தக் கட்சி அது? நம்ம கூட்டணியா?"

முத்துராமலிங்கம் வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். வாக்கெடுப்புக்குப் போகாவிட்டால் பதவி பறிபோய்விடும், தலைவர் கொந்தளித்துப் போயிருக்கிறார் என்றார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ கேப்பாண்ணே. கால் ஒடிஞ்சப்பத் தூக்கிட்டுப் போன ஆளு நீங்க. அந்த நன்றி இல்லாமலா போகும்?"

உமர் பாருக் எழுந்து இருளம்மாள் வீட்டுக்குப் போனார். பின்னாலேயே முத்துராமலிங்கமும் செயல் அலுவலரும் வந்து வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்கள். இருளம்மாள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"பதவி போயிருமாம்ல தம்பி? ஜன்னத்து சொல்லிச்சு."

"போகலாம்க்கா."

"நீங்க சொல்லுங்க. சொன்னா இப்பவே வந்து சொல்லிர்றேன். உங்க பொழப்பக் கெடுக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?"

உமர் பாருக் அவள் காலைப் பார்த்தார். கட்டுப் பிரித்தும் கோணலாகவே கூடியிருந்தது. டெல்லியில் 'ஆம்' என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், பக்கத்து உறுப்பினர் முழங்கையால் இடித்ததும் சொல்லியிருக்கிறார். எதற்குச் சொன்னோம் என்று ஒன்றுகூட ஞாபகமில்லை.

"சொல்லாதீகக்கா," என்றார்.

வெளியே முத்துராமலிங்கம் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"நல்லா யோசிச்சுத்தேன் சொல்றீகளா?"

"யோசிச்சுத்தேன். சிலாப்பு வராம நன்றி சொன்னீக, நானே உங்க கூடப் பேச மாட்டேன்."

செய்தி மெட்ராஸுக்குப் போனது. தலைவர் தாண்டிக் குதித்தாராம். எம்.பி.யைத் தூக்கிவிடலாம் என்றால் அந்த இடம் மறுபடியும் காலியாகும். காலேஜும் எஸ்டேட்டும் மறுபடியும் கிளம்பி வரும். அந்த நினைப்பிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது. அரை மணி நேரத்தில் மாவட்டத்துக்குப் போன் வந்தது. மாவட்டம் பேரூராட்சிக்குப் போட்டது. சாயங்காலம் விஜய்ராஜ் முகமெல்லாம் சிரிப்பாக மேடைக்கு ஓடிவந்தார்.

"சார், வழி கிடைச்சிருச்சு! கவுன்சிலர் இல்லாத வார்டுக்கு, பேரூராட்சித் தலைவரே தீர்மானத்தை முன்மொழியலாம்னு விதி இருக்கு!"

உமர் பாருக் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். "அந்த விதி எப்ப வந்துச்சு?"

"ஆரம்பத்திலருந்தே இருக்கு சார்."

"பெறகு ஏன்யா இத்தன நாளா சொல்லல?"

விஜய்ராஜ் உண்மையிலேயே குழம்பிப் போய் அவரைப் பார்த்தார். "இதுக்கு முன்னால யாரும் விழாவை முடிக்காம இருந்ததில்லையே சார்."

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தீர்மானம் காலையில் நிறைவேறியது, பாசன அலுவலகத்துத் தடையில்லாச் சான்று மத்தியானம் வந்தது. காற்றும் தண்ணீரும் ஒரே நாளில் ராசியாகிவிட்டன. வாய்க்காலின் இரு கரையிலும் கல்கட்டு எழும்பியது. லாரியில் சிலாப்புகள் வந்து இறங்கின. ஏசுதாசன் ஆட்கள் தங்கள் பலகைக்கு அடியிலேயே நடக்கிற வேலையைக் குனிந்து குனிந்து பார்த்து யோசனை சொன்னார்கள். சிலாப்பு உட்கார்ந்து பூச்சுக் காய்ந்ததும், இருளம்மாள் ஊன்றுகோலால் நாலு இடத்தில் ஓங்கிக் குத்திப் பார்த்தாள். அசையவில்லை. டெல்லி வாக்கெடுப்பு அதற்கு முன்பே முடிந்திருந்தது. உமர் பாருக் இல்லாமலேயே அது நல்லபடியாக நிறைவேறியதால், அவர் போகாததைக் கட்சியும் வெளியில் சொல்லவில்லை.

விழா தொடர்ந்தது. நாற்காலியில் தூசி தட்டினார்கள், ஆட்டை இறக்கினார்கள். பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், மாவட்டச் செயலாளர் எல்லாரும் அவரவர் இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். விஜய்ராஜ் பவ்யமாக மைக்கை நீட்டினார்.

"அம்மா, நன்றியுரை."

இருளம்மாள் எழுந்து மைக்கைப் பிடித்தாள். எல்லார் உயிரும் அவள் உதட்டில் நின்றது. அவள் உமர் பாருக்கைத்தான் பார்த்தாள். அப்படி ஒரு பிரியத்தோடு பார்த்தாள்.

"தம்பி, நீக குடுத்த வாக்கக் காப்பாத்திட்டீக. நல்லா இருங்க. எம்.பி.யா ஆகி, டெல்லிக்கெல்லாம் போயி, ஒருவழியா ஒரு கவுன்சிலரு செய்யவேண்டிய வேலைய முடிச்சுட்டீக. உங்களுக்கு ரொம்ப நன்றி."

தெருவே கைதட்டியது. உமர் பாருக் வெட்கமும் சந்தோஷமுமாக எழுந்து கும்பிட்டார். விஜய்ராஜ் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். இருளம்மாள் கொடுக்கவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. எனக்கு ரொம்ப நாளா ஒரு ரோசன. கவுன்சிலரு வேலதான் முடிஞ்சுபோச்சே. எம்.பி. வேலைன்னு ஒண்ணு இருக்கும்ல? அது என்ன வேல தம்பி? அத எப்ப ஆரம்பிப்பீக?"

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், தெருவும் தெரிந்துகொள்ள ஆசையோடு கழுத்தை நீட்டியது. உமர் பாருக் வாயைத் திறந்தார். கலங்கரை விளக்கத்தைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முத்துராமலிங்கத்தைப் பார்த்தார். அவர் செல்லப்பாண்டியைப் பார்த்தார். செல்லப்பாண்டி பந்தல் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று அண்ணாந்து தேட ஆரம்பித்தார்.

மேடையின் ஓரத்திலிருந்து மைக்செட்காரர் நாட்டுப்பண்ணைப் போட்டுவிட்டார். எல்லாரும் சட்டென்று எழுந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, விறைப்பாக நின்றார்கள்.